இரண்டரை நிமிடப் பேய்

பேய்ப்படத்தின் டிரெய்லர் ஒன்று பார்வையாளரை அச்சுறுத்த எடுத்துக்கொள்ளும் நேரம் பெரும்பாலும் இரண்டு முதல் இரண்டரை நிமிடம். அந்தச் சிறிய அவகாசத்துக்குள் அது முன்பின் அறியாத மனிதர்களை அறிமுகம் செய்து, அவர்களை ஒரு வீட்டிலோ காட்டிலோ குடிவைத்து, அங்கே ஏதோ சரியில்லை என்று உணர்த்தி, அந்த ‘ஏதோ’ என்னவென்று சொல்லாமலே விலகிக்கொள்ள வேண்டியிருக்கிறது. முழுப்படத்துக்கு இறுதியில் விடை சொல்லும் கடமை உண்டு. டிரெய்லருக்கோ கேள்வியை மட்டும் விட்டுச்செல்லும் சலுகை இருக்கிறது. அச்சத்தைக் கட்டும் தொழில்நுட்பத்தைத் தனியாகப் பிரித்துப் பார்க்க விரும்புவோருக்குப் படத்தைவிட டிரெய்லர் வசதியான பொருளாக இருப்பது இதனால்தான்.

அந்தப் பொருளைச் சோதித்துப் பார்க்கத் திருப்பூர் பொருத்தமான ஊர். ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் இந்நகரத்தின் பனியன் கம்பெனிகளில், காலை எட்டரைக்குத் தொடங்கி இரவு எட்டரை வரை நீளும் ‘ஒன்றரை ஷிப்டு’ வேலையும், சனிக்கிழமைச் சம்பளமும், ஞாயிற்றுக்கிழமை ஓய்வும் சேர்ந்துதான் பொழுதுபோக்கின் கால அட்டவணையை வகுக்கின்றன. தென் மாவட்டங்களிலிருந்து வந்தவர்களும், பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்களும் ஒரே பவர் டேபிள் வரிசையில் அமர்ந்து தைக்கிறார்கள். வாரநாளின் டீ இடைவேளையில் கைபேசியிலும், ஞாயிறன்று திரையரங்கிலுமாக ஒரே டிரெய்லர் இவர்களை இருமுறை சந்திக்கிறது. இரு சந்திப்பிலும் அது ஒரேபோல் வேலை செய்வதில்லை என்பதிலிருந்தே அச்சத்தின் கட்டுமானம் குறித்துப் பலவற்றைக் கற்கலாம்.

திடுக்கிடலும் பதைப்பும்

திடீரென்று வெடிக்கும் ஓசைக்கு உடல் காட்டும் எதிர்வினையைத் திடுக்கிடல் அனிச்சை என்பர். ஓசை காதை எட்டிய நொடியின் பத்தில் ஒரு பங்குக்குள்ளாகவே இமை மூடுகிறது, கழுத்தும் தோளும் இறுகுகின்றன. ஓசையின் பொருளை மூளை ஆராய்வதற்கு முன்பே இவை நடந்து முடிந்துவிடுவதால், குக்கர் விசிலுக்கும் பேயின் அலறலுக்கும் உடல் ஒரே கணக்கில்தான் துள்ளுகிறது. சஸ்பென்ஸ் என்று வழங்கும் பதைப்பு வேறு வகையானது: அதற்குக் காலம் வேண்டும், பார்வையாளருக்கு அரைகுறைத் தகவல் வேண்டும், அந்த அரைகுறையை நிரப்பும் வேலையை அவரது கற்பனையே ஏற்றுக்கொள்ள வேண்டும். பதைப்பு நிலையில் இருக்கும் உடல் சாதாரண நேரத்தைவிடக் கூடுதலாகத் திடுக்கிடும் என்பது உளவியலில் நிலைபெற்ற முடிவு; திகில் டிரெய்லரின் இலக்கணம் முழுவதும் இந்த முடிவின்மேல் எழுப்பப்பட்டது என்றுகூடச் சொல்லலாம்.

அரைத் தகவலின் வலிமையை மிகத் தெளிவாகக் காட்டியவர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக். 1960இல் வெளியான ‘சைக்கோ’வின் டிரெய்லர் ஆறு நிமிடத்துக்கும் மேல் நீள்கிறது, அதில் படத்தின் காட்சிகள் ஏறக்குறைய இல்லை. இயக்குநரே படப்பிடிப்புத் தளத்து மோட்டலையும் வீட்டையும் சுற்றிக்காட்டும் வழிகாட்டியாக வந்து, மாடிப்படியருகே நடந்ததை விவரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தி, அருவருப்புடன் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த அறைக்குப் போகிறார். கடைசியில் குளியலறைத் திரையை அவர் விலக்கும்போது அலறும் முகம், படத்தில் அங்கே கொல்லப்படும் ஜேனட் லீயினுடையதுகூட இல்லை. அது இன்னொரு நடிகையான வேரா மைல்ஸின் முகம். கொலை நடந்த இடங்களையெல்லாம் காட்டிவிட்டுக் கொலையை மட்டும் மறைத்த அந்த டிரெய்லர், இன்றைய டிரெய்லர்களில் பாதிக்கு மேற்பட்டவை மறந்துபோன பாடம்.

இன்று நடைமுறையில் உள்ள கட்டமைப்பு ஏறக்குறைய ஒரே அச்சில் வார்க்கப்பட்டது. முதல் அரை நிமிடம் இயல்பு வாழ்க்கை: புது வீடு, சிரிக்கும் குழந்தை, பெட்டி படுக்கை இறக்கும் லாரி. பிறகு ஒரு சிறு பிசகு: தானே திறக்கும் கதவு, யாரும் இல்லாத இடத்தைப் பார்த்துப் பேசும் குழந்தை. அதன்பின் காட்சித் துண்டுகள் குறுகிக்கொண்டே போய், ஓசை ஏறிக்கொண்டே போய், உச்சத்தில் எல்லாம் சட்டென்று அறுந்து திரை கருக்கிறது. படத்தின் பெயர் தோன்றுகிறது. முடிந்துவிட்டது என்று பார்வையாளரின் தோள் தளரும் அந்தக் கணத்தில், பெயருக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்த கடைசி அதிர்ச்சி வந்து விழுகிறது. இந்தக் கடைசி உத்தி எல்லோருக்கும் தெரிந்தே போய்விட்ட பிறகும் பலிப்பதற்குக் காரணம், அது அறிவை ஏமாற்ற முயல்வதில்லை. தளர்ந்த தசையைத்தான் குறிவைக்கிறது.

காதின் வழி வரும் பேய்

திகில் டிரெய்லரை ஒலியை நிறுத்திவிட்டுப் பார்ப்பவர், அது எவ்வளவு சாதுவான படத்தொகுப்பு என்பதைக் கண்டு வியப்பார். அச்சத்தின் பெரும்பங்கு ஒலித்தடத்தில் இருக்கிறது. தாழ்ந்த சுருதியில் தொடங்கி விடாமல் மேலேறும் ஓசையை ஒலித்துறையினர் ‘ரைசர்’ என்பர். ஏறுவது எங்கோ முடிந்தாக வேண்டும் என்று காது எதிர்பார்ப்பதால், அந்த எதிர்பார்ப்பே பதைப்பாகிறது. உளவியலாளர் ரோஜர் ஷெப்பர்ட் 1964இல் விளக்கிய ஒரு செவிமயக்கம் இதைவிடக் கொடியது: பல சுருதி அடுக்குகளை மேலே தேயவும் கீழே முளைக்கவும் விட்டுப் பின்னுவதால், ஓசை முடிவின்றி ஏறிக்கொண்டே இருப்பதாகக் காதுக்குத் தோன்றும். ரைசர் அறுந்ததும் வரும் மௌனமும், மௌனத்தைக் கிழிக்கும் ஒற்றை அடியான ‘ஸ்டிங்கரும்’ சேர்ந்துதான் ரைசர் தொடங்கிய வாக்கியம் முற்றுப்பெறுகிறது.

எந்த ஓசை அச்சுறுத்தும், எது அச்சுறுத்தாது என்பதற்கு உயிரியலிலிருந்து ஒரு விளக்கம் வந்திருக்கிறது. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தைச் சேர்ந்த டேனியல் புளூம்ஸ்டீன், அணில் குடும்பத்தைச் சேர்ந்த மார்மட் என்னும் மலைவிலங்கின் அபயக்குரலை ஆராய்ந்தவர். குரல்வளை தாங்கும் எல்லையை மீறிக் கத்தும்போது குரல் உடைந்து, பிசிறி, சுருதி தாவுகிறது. இத்தகைய ஒழுங்கற்ற ஓசைகளை விலங்குகள் ஆபத்தின் அடையாளமாகக் கொள்கின்றன. இவரும் உடன் ஆய்வாளர்களும் 2010இல் வெளியிட்ட கட்டுரை, திகில் படங்களின் ஒலித்தடங்களில் இவ்வகைப் பிசிறல்களும் அலறல்களும் மிகுந்திருப்பதைக் காட்டியது. இசையமைப்பாளர்கள் வயலின் கம்பியைத் தவறாக இழுத்தும், நீர் ஊற்றிய உலோகக் கிண்ணத்தில் கம்பிகள் பொருத்திய ‘வாட்டர்ஃபோன்’ என்னும் கருவியை வில்லால் தேய்த்தும் உண்டாக்குவது, காட்டில் உயிருக்குத் தப்பியோடும் குட்டியின் குரலைத்தான்.

கைபேசிக்கும் திரையரங்குக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் முளைக்கிறது. மனிதக் காது கேட்கும் எல்லை நொடிக்கு 20 அதிர்வு முதல் 20,000 அதிர்வு வரை; திரையரங்கின் சப்வூஃபர் அந்த எல்லையின் அடிமட்டத்தில் இயங்கி, காதுக்குக் கேட்பதைவிட நெஞ்சுக்கூட்டுக்கு உணர்த்துவதையே வேலையாகக் கொண்டது. கைபேசியின் கடுகளவு ஒலிபெருக்கியோ சில நூறு அதிர்வுக்குக் கீழே ஏறத்தாழ ஊமை. ஆகவே நாற்காலியை உலுக்கும் உறுமல் கைபேசியில் காணாமல் போய், கீச்சொலி, கிசுகிசுப்பு, அலறல் ஆகியவையே மிஞ்சுகின்றன. இணையத்தை மனத்தில் வைத்துத் தொகுக்கப்படும் டிரெய்லர்கள் ஆண்டுக்காண்டு கீச்சென்று ஆகிவருவதில் இக்கருவிக்கும் பங்கு உண்டு. ஓவர்லாக், பிளாட்லாக் தையல் மெஷின்களின் இரைச்சலுக்குள் பன்னிரண்டு மணி நேரம் கழிக்கும் தொழிலாளியின் காது, சத்தத்துக்குப் பழகிய காது. அதைச் சத்தத்தால் அசைப்பது கடினம். ஞாயிற்றுக்கிழமை இருண்ட அரங்கில் நான்கு நொடி மௌனம் நேரும்போது, வாரம் முழுவதும் கிடைக்காத அந்த மௌனமே அவருக்கு அசாதாரணமாகிறது. தமிழ் டிரெய்லர்கள் இந்த நான்கு நொடியைத் தருவதில் காட்டும் கருமித்தனம், சொல்லப்போனால், அவற்றின் மிகப் பெரிய குறை.

காட்டாமல் விடும் கலை

காட்சியைப் பொறுத்தவரை, சட்டகத்துக்கு வெளியே இருப்பதே சட்டகத்துக்குள் இருப்பதைவிட அச்சம் தருவது. ஜேம்ஸ் வானின் ‘தி கான்ஜுரிங்’ (2013) டிரெய்லரில், நிலவறைப் படியில் தாய் தீக்குச்சியைக் கிழித்துப் பிடித்திருக்க, அவள் முகத்துக்கு அருகே இருளிலிருந்து இரண்டு கைகள் நீண்டு தட்டுகின்றன. பேயின் முகம் இல்லை, உடல் இல்லை. கை தட்டல் மட்டுமே. ஸ்டான்லி குப்ரிக்கின் ‘தி ஷைனிங்’ (1980) முன்னோட்டம் இன்னும் துணிச்சலானது: அசையாத ஒரே காட்சியில், மூடிய லிஃப்ட் கதவுகளின்மேல் பெயர்ப் பட்டியல் ஓடி முடிய, கதவிடுக்கிலிருந்து ரத்தம் வெள்ளமாகப் பாய்ந்து கேமராவை மூழ்கடிக்கிறது. கதையும் இல்லை, கதாபாத்திரமும் இல்லை.

தமிழில் இவ்வகை அடக்கம் தழைத்த ஆண்டாக 2009ஐக் குறிப்பிடலாம். விக்ரம் கே. குமார் இயக்கத்தில் மாதவன் நடித்த ‘யாவரும் நலம்’, பி.சி. ஸ்ரீராமின் ஒளிப்பதிவில், அடுக்குமாடிக் குடியிருப்பின் அன்றாடப் பொருள்களையே பேயாக்கியது: நாயகன் ஏறினால் மட்டும் இயங்க மறுக்கும் லிஃப்ட், அந்த வீட்டுக்குள் எடுத்தால் மட்டும் கோணலாக விழும் கைபேசிப் படம், அவன் குடும்பத்தின் கதையையே பகலில் ஒளிபரப்பும் தொலைக்காட்சித் தொடர். அதே ஆண்டில் வெளியான அறிவழகனின் ‘ஈரம்’, குழாய், வாளி, மழை என்று நீரை முழுவதும் சந்தேகத்துக்கு உரியதாக்கியது. இப்படங்களின் முன்னோட்டத்தைப் பார்த்தவர்கள் வீட்டுக்குத் திரும்பி அதே லிஃப்டில் ஏற வேண்டியிருந்தது, அதே குழாயைத் திறக்க வேண்டியிருந்தது. விளம்பரம் வீடுவரை கூடவே வந்தது.

ஆனால் பேய்க்கும் வீட்டு வசதி வேண்டும் என்பதைத் திருப்பூரின் லைன் வீடுகள் நினைவூட்டுகின்றன. பொதுக் குழாயும் பொதுக் கழிப்பறையும் கொண்ட காம்பவுண்டில், ஓர் அறையில் நான்கைந்து பேர் தங்கி, ஒருவர் பாயிலிருந்து எழுந்தால்தான் நைட் ஷிப்டு முடித்து வந்தவர் படுக்க முடியும் என்ற நிலையில், ஆளில்லாத பங்களாவின் நீண்ட தாழ்வாரம் அச்சத்தைவிட ஏக்கத்தையே கிளப்பக்கூடும். இந்த வகையில் அஜய் ஞானமுத்துவின் ‘டிமான்ட்டி காலனி’ (2015) தனித்து நிற்கிறது. காசு இல்லாத நான்கு இளைஞர்கள் பகிர்ந்து தங்கும் அறையே பெரும்பகுதிக் கதைக்களம். பங்களாவுக்குப் போனது ஒரே ஓர் இரவு, பேய் வந்து சேர்ந்ததோ வாடகை அறைக்கு. சென்னை ஆழ்வார்பேட்டைப் பகுதியில் செயின்ட் மேரீஸ் சாலையை ஒட்டி உண்மையாகவே அப்பெயரில் ஒரு குடியிருப்பு இருந்ததும், ஜான் டி மாண்ட்டி என்ற போர்த்துக்கீசிய வணிகரின் பெயரோடு அது தொடர்புடையதாக இருந்ததும், படத்தின் தலைப்பையே பாதி டிரெய்லராக்கின. ஊரறிந்த முகவரி ஒன்று கற்பனைக் கதைக்குத் தரும் நம்பகத்தன்மையை எந்த கிராஃபிக்ஸாலும் தர முடியாது.

சாம்பிள் ஒன்று, சரக்கு வேறு

டிரெய்லர் என்ற வடிவம் பரவுவதற்கு முன்பு தமிழில் அச்சத்தை விற்கும் வேலையைப் பாட்டு செய்தது. இந்தியில் 1964இல் வந்த ‘வோ கௌன் தி’யைத் தழுவி 1966இல் வெளியான ‘யார் நீ?’ படத்தில், வெள்ளைச் சேலையில் அலையும் பெண்ணின் பாட்டு வானொலி வழியாகப் படத்துக்கு முன்னும் பின்னும் ஊரெங்கும் ஒலித்தது. பேயின் குரல் இனிமையாக இருக்கலாம் என்ற மரபு அவ்வழியே வேரூன்றியது. பேயோடு சிரிப்பைச் சேர்த்து விற்கும் மரபோ பிற்காலத்தது. ராகவா லாரன்ஸின் ‘முனி’ (2007), அதைத் தொடர்ந்த ‘காஞ்சனா’ (2011), சுந்தர் சி-யின் ‘அரண்மனை’ (2014) ஆகியவை வெற்றி பெற்றபின், பேய்ப்படம் என்றாலே பாதி நகைச்சுவை என்ற நிலை உருவானது. ‘காஞ்சனா’வில் பேய்க்கு அஞ்சி நடுங்கும் மகனையும், அவன் தாயாக வரும் கோவை சரளாவையும் கொங்கு மண்ணின் பார்வையாளர் தம் வீட்டு மனிதராகவே ஏற்றுக்கொண்டதில் வியப்பில்லை.

இந்தக் கலவைக்கு உளவியல் நியாயம் ஒன்று உண்டு. டால்ஃப் ஸில்மான் 1970களில் முன்வைத்த கிளர்ச்சிக் கடத்தல் கோட்பாட்டின்படி, ஓர் உணர்ச்சி எழுப்பிய இதயத்துடிப்பும் மூச்சுவேகமும் அடங்குவதற்கு முன் அடுத்த உணர்ச்சி வந்தால், முன்னதன் மிச்சம் பின்னதோடு சேர்ந்து அதைப் பெருக்கிவிடும். பயந்த உடனே வரும் சிரிப்பு, வெறுமனே வரும் சிரிப்பைவிடப் பெரிதாக இருப்பது இதனால்தான். சிரித்து முடிப்பதற்குள் வரும் அடுத்த பயத்துக்கும் அதே விதி. ஆனால் இந்தக் கணக்கு இரண்டு மணி நேரப் படத்துக்குச் சரிவருகிற அளவுக்கு இரண்டு நிமிட டிரெய்லருக்குச் சரிவருவதில்லை, ஏனெனில் பதைப்பு வளர்வதற்குள் சிரிப்பு அதைக் கலைத்துவிடுகிறது. தொகுப்பாளர்கள் கண்ட எளிய வழி, படம் பாதி நகைச்சுவையாக இருந்தாலும் டிரெய்லரை முழு அச்சமாகத் தைப்பது. வெளிநாட்டு பையர் ஒப்புதல் தந்த சாம்பிளோடு ஷிப்மென்ட் சரக்கு நூலளவும் மாறக் கூடாது என்று வாழும் திருப்பூருக்கு இது புரியாத வியாபாரம்; சினிமாவில் சாம்பிள் வேறாகவும் சரக்கு வேறாகவும் இருப்பதைப் பார்வையாளர்கள் பழகிக்கொண்டுவிட்டார்கள், சில சமயம் அதையே ரசிக்கவும் செய்கிறார்கள்.

ரசிக்கத்தக்க ஏமாற்றுக்குச் சிறந்த எடுத்துக்காட்டு கார்த்திக் சுப்பராஜின் ‘பீட்சா’ (2012). பீட்சா கொண்டுபோய்க் கொடுக்கப்போன இளைஞன் பங்களாவில் சிக்கிக்கொண்டு, கையில் டார்ச் விளக்கோடு அலைவதையே அதன் விளம்பரம் முன்னிறுத்தியது. அந்தப் பேய்க்கதை முழுவதும் வைரத்தைக் களவாடியவன் கட்டிய பொய் என்பது படத்தின் இறுதியில்தான் தெரியவருகிறது. நாயகன் தன் முதலாளியிடம் சொன்ன பொய்யை, படம் வெளிவருவதற்கு முன்பே விளம்பரம் ஊருக்குச் சொல்லியிருந்தது என்று பின்னோக்கிப் பார்த்தால் விளங்கும்.

இன்னொரு வழி, பார்வையாளரின் துணிச்சலுக்குச் சவால் விடுவது. அமெரிக்கத் தயாரிப்பாளர் வில்லியம் கேஸில், ‘மக்காபர்’ (1958) படத்தைப் பார்த்து அச்சத்தில் இறப்பவருக்கு 1,000 டாலர் காப்பீடு என்று அறிவித்தார். ராம் கோபால் வர்மா, 2008இல் ‘பூங்க்’ படத்தைத் திரையரங்கில் தனியாக உட்கார்ந்து பார்ப்பவருக்கு 5 லட்சம் ரூபாய் என்றார். இத்தகைய போட்டியையே கதைக்குள் இழுத்துக்கொண்டது அஸ்வின் சரவணனின் ‘மாயா’ (2015): கடனில் தவிக்கும் தாயாக நயன்தாரா, பரிசுப் பணத்துக்காகப் பேய்ப்படம் ஒன்றைத் தன்னந்தனியாகப் பார்க்கச் சம்மதிக்கிறார். பயத்தைவிட வட்டி கொடியது என்பதை இவ்வளவு கச்சிதமாகச் சொன்ன பேய்ப்படம் தமிழில் வேறில்லை.

மொழி தேவைப்படாத அச்சம்

ரிட்லி ஸ்காட்டின் ‘ஏலியன்’ (1979) டிரெய்லரில் வசனமே கிடையாது. வெடிக்கும் முட்டையும், ஓடும் கால்களும், அபாயச் சங்கைப் போன்ற ஓலமுமே அதன் மொழி. நகைச்சுவைக்குச் சொல் வேண்டும், குடும்பக் கதைக்கு உறவுமுறை தெரிய வேண்டும். அச்சத்துக்கு இவை குறைவாகவே தேவைப்படுவதால், மொழி எல்லையைச் சுலபமாகத் தாண்டும் சரக்காகப் பேய்ப்படம் இருந்துவருகிறது. ‘யாவரும் நலம்’ இந்தியில் ‘13பி’ என்ற பெயரிலும், மிலிந்த் ராவ் இயக்கிய ‘அவள்’ (2017) ‘தி ஹவுஸ் நெக்ஸ்ட் டோர்’ என்ற பெயரிலும் எடுக்கப்பட்டன; ‘காஞ்சனா’வை லாரன்ஸே அக்‌ஷய் குமாரை வைத்து 2020இல் ‘லக்ஷ்மி’ என்று இந்தியில் மறுபடியும் எடுத்தார். 2023 தீபாவளிக்கு வெளியான ‘டைகர் 3’ என்னும் இந்திப் படத்துக்குத் திருப்பூர்த் திரையரங்கொன்றில் நடந்த காலைக் காட்சி மாநில அளவில் செய்தியாகும் அளவுக்கு, இந்த ஊரின் திரையரங்குகள் இரு மொழிக்காரர்களையும் நம்பி நடக்கின்றன. அவர்கள் எல்லோரையும் ஒரே நொடியில் நாற்காலியிலிருந்து எழும்பவைப்பது டிரெய்லரின் ஸ்டிங்கர்தான். நகைச்சுவைத் துணுக்குக்கு மட்டும் அரங்கின் ஒரு பகுதி சிரிக்க, மறுபகுதி மொழிபெயர்ப்புக்காகப் பக்கத்து இருக்கையைப் பார்க்க நேர்கிறது.

திரையரங்கில் காட்டப்படும் டிரெய்லருக்கும் தணிக்கை வாரியச் சான்றிதழ் வேண்டும். முதலில் அந்தச் சான்றிதழ் திரையில் தோன்றிய பிறகே பேய் வரலாம். 2023ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு யு/ஏ என்ற பிரிவு 7, 13, 16 வயது என மூன்று படிகளாகப் பகுக்கப்பட்டிருக்கிறது. இணையத்தில் வெளியாகும் டிரெய்லர் இந்த வாசலைக் கடக்க வேண்டியதில்லை. ஆயினும் படப்பெயர், தயாரிப்பு நிறுவனத்தின் சின்னம், வெளியீட்டுத் தேதி ஆகியவை அங்கும் உண்டு. காட்டப்படுவது புனைவு என்பதை அவை ஓசையின்றி அறிவித்துக்கொண்டே இருக்கின்றன, பார்வையாளர் அச்சத்தை விளையாட்டாக அனுபவிப்பதும் அந்த அறிவிப்பின் பாதுகாப்பில்தான்.

அந்த அறிவிப்பு இல்லாதபோது என்ன நிகழும் என்பதைத் திருப்பூர் 2023 மார்ச்சில் கண்டது. தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று கூறும் சிறு காணொளிகள் கைபேசிகளில் பரவின. வேறு இடங்களில், வேறு காரணங்களுக்காக நடந்த வன்முறைகளின் துண்டுகள் சூழலிலிருந்து கத்தரிக்கப்பட்டு, புதிய விளக்கத்தோடு சுற்றுக்கு விடப்பட்டிருந்தன. அவை பொய்யானவை என்று தமிழ்நாடு காவல்துறை அறிவித்தது. தொழில்நுட்பமாகப் பார்த்தால் டிரெய்லரின் உத்திகள் பல அவற்றில் இருந்தன: தொடக்கமும் முடிவும் அற்ற துண்டு, அடையாளம் தெரியாத முகம், அரைத் தகவல், மிச்சத்தை நிரப்பும் பொறுப்பு பார்ப்பவரின் கற்பனைக்கு. பீகாரில் இருந்த பெற்றோர் போன் செய்து பிள்ளைகளைத் திரும்பி வரச் சொன்னார்கள். மார்ச் 8ஆம் தேதி ஹோலிக்காக ஏற்கெனவே ஊர் புறப்பட்டவர்களோடு அஞ்சிப் புறப்பட்டவர்களும் கலந்துகொண்டதில், ரயில் நிலையக் கூட்டமே புதிய காணொளிகளுக்குக் காட்சியாயிற்று. பீகார் அரசு அனுப்பிய அதிகாரிகள் குழு திருப்பூருக்கும் கோவைக்கும் வந்து தொழிலாளர்களை நேரில் சந்தித்துப் பேசியது. இரண்டரை நிமிடம்கூட ஓடாத துண்டுகள் கிளப்பிய அச்சத்தை அடக்க, இரண்டு மாநில அரசுகள் பல நாட்கள் உழைக்க வேண்டியிருந்தது.